காற்றிலிருந்து காபனை எடுக்க முடியுமா? கண்டி வீட்டுத்தோட்டக்காரருக்கு ஓர் எளிய விளக்கம்

காபனை அகற்றுவது பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. செய்தியில் வருகிறது, பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வருகிறது, மரநடுகை விழா மேடையில் யாராவது சொல்கிறார்கள். ஏதோ வெளிநாட்டு இயந்திரத்தைப் பற்றிய சங்கதி என்று நீங்கள் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் கட்டுகஸ்தோட்டை, கம்பளை, குண்டசாலை, அக்குறணை, கலஹா, தெல்தோட்டை என்று கண்டியைச் சுற்றி நீங்கள் எங்கே இருந்தாலும், அந்த வேலையில் ஒரு பங்கு உங்கள் வீட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. அது என்ன, எவ்வளவு, அதற்கு நீங்கள் என்ன செய்யலாம், எதில் ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றில் எது கூடிவிட்டது?

காபனீரொட்சைட்டு (கரியமில வாயு; நாம் மூச்சில் விடுவதும், விறகும் பெற்றோலும் எரியும்போது வருவதும் இதுதான்). நிறமில்லை, மணமில்லை. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை இது மறித்து வைத்துக்கொள்கிறது.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், பத்து இலட்சம் பங்கு காற்றில் இது சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி தொன் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

எரிப்பதைக் குறைத்தால் போதாதா?

குறைப்பதுதான் முதல் வேலை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இன்று முற்றாக நிறுத்தினாலும், ஏற்கெனவே காற்றில் சேர்ந்தது நாளைக்கே மறைந்துவிடாது. அதன் பெரும்பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஒரு குடும்பத்தின் கடனை நினைத்துக்கொள்ளுங்கள். புதுக் கடன் வாங்குவதை நிறுத்துவது ஒன்று, பழைய கடனை அடைப்பது இன்னொன்று. வாங்கிக்கொண்டே அடைத்தால் கணக்கு ஒருநாளும் தீராது. வாங்குவதை நிறுத்தினால் மட்டும் பழைய கடன் தானாகக் கரைந்துவிடாது. உலகத்துக்கு இப்போது இரண்டும் வேண்டும்.

காலநிலை மாற்றத்தைப் பற்றி நாடுகளுக்கு அறிக்கை தரும் உலக அறிவியலாளர் குழு 2022இல் இதையே சொன்னது. விமானம், சீமெந்து, விவசாயம் போன்ற சில துறைகளில் வெளிவிடுவதை முழுதாக நிறுத்துவது கடினம். அந்த மீதியை ஈடுகட்டக் காற்றிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

எப்படி எடுப்பது? இயந்திரம் இருக்கிறதா?

இருக்கிறது. ஐஸ்லாந்தில் கிளைம்வேர்க்ஸ் என்ற நிறுவனம் 2021இல் ஒன்றையும் 2024இல் அதைவிடப் பெரிய ஒன்றையும் இயக்கத் தொடங்கியது. பெரிய விசிறிகள் காற்றை இழுக்கின்றன, வடிகட்டி காபனீரொட்சைட்டைப் பிடிக்கிறது, பிடித்ததை நீரில் கரைத்து நிலத்தடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே அது கல்லாக மாறிவிடுகிறது.

பெரிய நிலையம் ஆண்டுக்கு 36,000 தொன் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. உலகம் ஓர் ஆண்டில் வெளிவிடுவதைப் பிடிக்க அத்தகைய நிலையங்கள் பத்து இலட்சத்துக்கு மேல் தேவைப்படும். ஒரு தொன்னைப் பிடிக்கும் செலவும் பல நூறு டொலருக்குக் குறையாது.

இரண்டாவது வழி, சில வகைக் கற்களை மாவாக அரைத்து வயலில் தூவுவது. மழைநீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டுடன் கல்மாவு சேர்ந்து, அதைக் கரைந்த உப்பாக மாற்றி ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறது. இந்தியாவின் சிறு நெல் விவசாயிகளோடு இதைச் செய்துவரும் மாட்டி கார்பன் என்ற அமைப்பு, 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டொலர் முதற்பரிசு பெற்றது.

மூன்றாவது வழி, தாவரக் கழிவைக் கரியாக்கி மண்ணில் புதைப்பது. நான்காவது, மரம். இன்று உலகில் மனித முயற்சியால் ஆண்டுக்கு எடுக்கப்படும் சுமார் 200 கோடி தொன்னில் ஏறத்தாழ முழுவதும் மரத்தின் வேலைதான். இயந்திரம், கல்மாவு, கரி எல்லாம் சேர்ந்து அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே கண்டியில் இருக்கும் நமக்கு மரத்தைப் பற்றிய பேச்சே பெரிய பேச்சு.

மரம் நட்டால் கண்டி நகரத்துப் புகை குறையுமா?

பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால் வாகனப் புகை எளிதில் கலைந்து போவதில்லை. கண்ணை எரிக்கும் அந்தப் புகை வேறு, காபனீரொட்சைட்டு வேறு. ஓரளவு தூசியை மரத்தின் இலைகள் பிடிக்கும். ஆனால் நகரப் புகைக்கு மருந்து வாகனத்தைச் சீராக வைப்பதும், நெரிசலைக் குறைப்பதும்தான்.

காபனீரொட்சைட்டு உலகம் முழுவதும் கலந்துவிடும் வாயு. நீங்கள் கெட்டம்பேயில் நடும் மரம் கெட்டம்பேயின் வெப்பத்தை மட்டும் தனியாகக் குறைக்காது. அது எடுப்பது உலகத்தின் மொத்தக் கணக்கில் சேரும். மரத்தின் நிழலும் ஈரமும் மட்டும் உங்களுக்கே உரியவை.

மரத்துக்குள் எவ்வளவு காபன் இருக்கும்?

இலை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கிறது. ஒட்சிசனை விட்டுவிட்டுக் காபனை வைத்துக்கொண்டு அடிமரம், கிளை, வேர் எல்லாவற்றையும் கட்டுகிறது. நன்றாகக் காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி காபன். ஒரு கிலோ காபனை உண்டாக்க மரம் எடுத்திருக்கும் காபனீரொட்சைட்டு 3.67 கிலோ.

ஒரு பலாமரம் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போக அதன் எடை 500 கிலோ என்றால், உள்ளே 250 கிலோ காபன் இருக்கும். காற்றிலிருந்து அது எடுத்தது சுமார் 917 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். அப்படியானால் அந்த ஒரு மரம் தன் ஆயுளில் சேர்த்தது ஏறத்தாழ 400 லீற்றர் பெற்றோலுக்குச் சமம்.

கண்டி வீட்டுத்தோட்டத்தில் அப்படி என்ன சிறப்பு?

மேலே தென்னையும் கித்துளும் கமுகும். அதற்குக் கீழே பலா, ஈரப்பலா, மா, டூரியன். அதற்கும் கீழே கராம்பு, சாதிக்காய், கொக்கோ, கோப்பி. மரங்களைப் பற்றியேறும் மிளகு. நிலத்தில் வாழை, மரவள்ளி, மஞ்சள், இஞ்சி. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டம் இப்படி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் மேலடுக்கு விட்ட வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால், சிறிய நிலத்திலும் நிறைய மரம் சேர்கிறது.

உலகெங்கும் வேளாண்காட்டு (மரமும் பயிரும் ஒன்றாக வளரும் நிலம்) ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் அமைப்பு இது. இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வீட்டுத்தோட்டங்கள்தான்.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சுவீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அதுவரை கிடைத்த அளவீடுகளைத் திரட்டித் தந்தது. ஈரவலயத்து வீட்டுத்தோட்டங்களில் நிலத்துக்கு மேலே உள்ள மரங்களில் மட்டும் ஒரு ஹெக்டேயருக்கு 48 முதல் 145 தொன் வரை காபன் இருந்தது. சராசரி 87 தொன். உலர்வலயத்தில் சராசரி 35 தொன்தான்.

என் 20 பேர்ச் காணிக்கு இது என்ன கணக்கு?

ஒரு ஹெக்டேயர் என்பது சுமார் 395 பேர்ச். சராசரிக் கணக்கில், மரம் நிறைந்த 20 பேர்ச் தோட்டத்தில் சுமார் 4.4 தொன் காபன் இருக்கும். காற்றிலிருந்து எடுத்த காபனீரொட்சைட்டாகச் சொன்னால் அது 16 தொன். ஐதான தோட்டமாக இருந்தால் 9 தொன், மிக அடர்ந்ததாக இருந்தால் 27 தொன் வரை போகலாம்.

நாளுக்கு 4 லீற்றர் பெற்றோல் எரிக்கும் ஓர் ஓட்டோ, ஆண்டில் 300 நாள் ஓடினால் சுமார் 2.8 தொன் வெளிவிடும். உங்கள் 20 பேர்ச் தோட்டம் பல பத்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பது அந்த ஓட்டோவின் ஏறத்தாழ ஆறு ஆண்டு ஓட்டத்துக்குச் சமம்.

இதிலிருந்து இரண்டு விடயம் தெரிகிறது. ஒன்று, தோட்டம் செய்திருப்பது சின்ன வேலை இல்லை. மற்றது, மரத்தை மட்டும் நம்பி எரிபொருளை இஷ்டத்துக்கு எரிக்க முடியாது. மரம் பல பத்தாண்டுகளில் சேர்த்ததை வண்டி சில ஆண்டுகளில் தீர்த்துவிடுகிறது.

வளர்ந்த மரம் இனிமேல் எடுக்காதாமே? வெட்டிவிட்டுப் புதிது நடலாமா?

நட்டு வேர்பிடித்த இளமரம் வேகமாகச் சேர்க்கும், முதிர்ந்த தோட்டத்தில் சேர்க்கை மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் முதிர்ந்த மரத்துக்குள் இருப்பது ஏற்கெனவே சேர்த்து வைத்த பெரிய இருப்பு. அதை வெட்டி விறகாக எரித்தால் அந்த இருப்பு முழுவதும் திரும்பக் காற்றுக்குப் போகும். நீங்கள் நடும் கன்று அந்த இடத்தை மீண்டும் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

காபனை இழுப்பதை மரம் பார்த்துக்கொள்ளும். இழுத்ததை வெளியே போகவிடாமல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டியே ஆக வேண்டியிருந்தால்?

முற்றிய பலாமரம் கதவு, ஜன்னல், கட்டில், அலுமாரி ஆனால் அதிலுள்ள காபன் அந்தப் பொருள் இருக்கும்வரை அதற்குள்ளேயே இருக்கும். விறகானால் அன்றே போய்விடும். ஆகவே அடிமரத்தைப் பலகைக்கும், கிளையை அடுப்புக்கும், இலையையும் சுள்ளிக் குச்சியையும் மண்ணுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்பே பக்கத்தில் மாற்றுக் கன்றை நட்டு ஒரு வளர்த்தி கண்டுவிடுவது இன்னும் நல்லது.

பலாவையும் ஈரப்பலாவையும் உங்கள் சொந்தக் காணியில்கூட நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். முதலில் கிராம சேவகரிடம் கேட்டு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

இந்த மலைகள் எப்போதும் இப்படித்தான் இருந்தனவா?

இல்லை. கண்டியைச் சுற்றிய மலைகளில் பெரும்பங்கு ஒருகாலத்தில் அடர்காடு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக அந்தக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869 முதல் கோப்பியை இலைநோய் தின்றது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காட்டில் இருந்த காபன் அப்போதே காற்றில் கலந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் உழைப்பில்தான் இந்த மாற்றம் நடந்தது. இலாபம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எஞ்சிய காட்டின் அருமையை நக்கிள்ஸ் மலைத்தொடரிலும், நகரத்துக்கு நடுவே சுமார் 100 ஹெக்டேயர் பரப்பில் நிற்கும் உடவத்தகெலேயிலும் இன்றும் பார்க்கலாம்.

எந்த மரமானாலும் நடலாமா?

கூடாது. அதற்கும் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஹந்தானை உட்பட மத்திய மலைநாட்டின் பல சரிவுகளில் 1970களிலும் 80களிலும் பைனஸ் மரம் பரவலாக நடப்பட்டது. வெறும் புல்மலையை விரைவில் மூடுவது நோக்கம். மூடியது உண்மை. ஆனால் காய்ந்த பைனஸ் இலை எளிதில் தீப்பிடிக்கும், அடியில் வேறு செடி அதிகம் வளராது. வறட்சியில் மானாப்புல்லும் பைனஸும் எரியும்போது, பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் புகையாகிவிடுகிறது.

உடவத்தகெலேயில் வேறு பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து வந்த சில மரங்கள் அங்கே கட்டுக்கடங்காமல் பெருகி, உள்ளூர் மரங்களின் கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. மரம் வளர்ந்தாலும் காடு மெலிந்துபோகிறது.

ஆகவே ஒரே இனத்தை வரிசையாக நடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் எந்த அடுக்கில் இடம் காலியாக இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். பலாவின் அடியில் வெளிச்சம் விழுந்தால் சாதிக்காய், கராம்பு. வேலியில் கிளிரிசீடியா நட்டு அதில் மிளகைப் படரவிடலாம். ஓடைக்கரையில் மருது (கும்புக்) அல்லது மூங்கில்.

சரிவில் மரம் நட்டால் மண்சரிவு வராதா?

பொதுவாக, பல ஆழத்தில் வேர் ஓடும் கலப்பு மரங்கள் மண்ணைப் பிடித்து வைக்கும். ஆனால் வீட்டுக்காக மலையை வெட்டிய செங்குத்தான மண்மேட்டின் விளிம்பில் கனத்த பெரிய மரம் நிற்பது ஆபத்து. காற்றில் அது ஆடும்போது மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாயலாம். அத்தகைய இடத்தில் புல், புதர், சிறுமரம் போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். நிலத்தில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்தல், தெளிவாக வந்த ஊற்றுநீர் திடீரென்று கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் மர நடுகையை மறந்துவிட்டு உடனே வெளியேறுங்கள். நடுவதற்கு முன்பு சந்தேகம் இருந்தால், மண்சரிவு ஆபத்தைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பிரதேச செயலகம் வழியாகக் கேட்கலாம்.

நாங்கள் லயத்தில் இருக்கிறோம். எங்களுக்கு ஏது தோட்டம்?

நியாயமான கேள்வி. காபனைப் பற்றிய பேச்சுகள் சொந்தக் காணி உள்ளவரை மனதில் வைத்தே நடக்கின்றன. லயத்தைச் சுற்றிய நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பெரிய மரம் நட்டால் அதன் பலன் உங்களுக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

7 பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்த குடும்பங்கள் வீடு போக மிஞ்சிய இடத்தில் பலாவை நெருக்கி நட வேண்டாம். வேர் அத்திவாரத்தைத் தொடும். கொய்யா, எலுமிச்சை, வேலியில் கிளிரிசீடியா, அதில் மிளகு. இந்த அளவு போதும். கோவில் வளவு, பாடசாலை வளவு, ஓடைக்கரை போன்ற பொது இடங்களில் பெரிய மரத்தைச் சேர்ந்து நட்டு வளர்க்கலாம்.

கிளிரிசீடியாவை நான் மீண்டும் மீண்டும் சொல்லக் காரணம் உண்டு. வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை பசளையாகும், மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாகும், தடி விறகாகும். எரித்தால் வரும் காபனீரொட்சைட்டை அடுத்த துளிர் திரும்ப எடுத்துவிடும். இலங்கை அரசு இதை 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. உங்கள் அடுப்புக்கான விறகு வேலியிலிருந்தே கிடைத்தால், தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய குச்சிகளை அங்கேயே விட்டுவிடலாம். அது உக்கி மண்ணில் காபனைச் சேர்க்கும், மழையில் மண் ஓடுவதையும் தடுக்கும்.

சிறு தேயிலைக் காணி உள்ளவர்கள் நிழல் மரங்களைக் கழிக்காதீர்கள். தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரெவில்லியா உயரமாகவும், முள்முருக்கு அல்லது கிளிரிசீடியா தாழ்வாகவும் நின்றால், தேயிலைக்கும் நல்லது, காபன் கணக்குக்கும் நல்லது.

கரியை மண்ணில் புதைப்பது என்றீர்களே, அதை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். குச்சியை அப்படியே மண்ணில் விட்டால் சில ஆண்டுகளில் உக்கி, அதன் காபனில் பெரும்பகுதி காற்றுக்குத் திரும்பும். காற்றுக் குறைவாகப் பட்டு எரிந்த கரியில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் நிற்கும். நல்ல கரி ஒரு கிலோ புதைத்தால், காற்றிலிருந்து சுமார் இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு எடுத்ததற்குச் சமம்.

மேலே அகன்று அடியில் ஒடுங்கிய குழி ஒன்று வெட்டுங்கள். நன்றாகக் காய்ந்த குச்சி, தேங்காய்ச் சிரட்டை, கிளிரிசீடியாத் தடி ஆகியவற்றைக் கொஞ்சமாகப் போட்டு மேலிருந்து பற்றவையுங்கள். மேற்பரப்பில் சாம்பல் வெளுக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேல் தீ கீழே காற்றுப் போகாமல் தடுக்கும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிடுங்கள்.

அந்தக் கரியை நேராக இடாமல், சாணம் அல்லது கூட்டெருவோடு கலந்து சில வாரம் வைத்தபிறகு இடுங்கள். வெறும் கரி முதலில் மண்ணிலுள்ள சத்தைத் தானே உறிஞ்சிவிடும். மரக்கறிப் பாத்திக்கும் மிளகுக்கும் இது உதவும். தேயிலைக்கு அள்ளிக் கொட்ட வேண்டாம். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, கரியும் சாம்பலும் அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். வறட்சிக் காலத்தில் மலைப்பக்கமாகக் குழியெரிப்பு செய்யவே வேண்டாம்.

தேயிலைக்கு டோலமைட் போடுகிறோமே, கல்மாவு முறை அதுதானா?

அதுவும் கல்மாவுதான், ஆனால் வேலை வேறு. டோலமைட்டுக்குள்ளேயே காபன் கட்டுண்டு இருக்கிறது. புளிப்பு மண்ணில் அது கரையும்போது அந்தக் காபனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாக வெளியேறலாம். மண்ணின் புளிப்பு அளவுக்கு மீறும்போது டோலமைட் இடுவது சரி, மண்ணைச் சோதித்து அளவோடு இடுங்கள். அதைக் காபன் அகற்றும் வேலை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

என் தோட்டத்துக் காபனை விற்றுக் காசாக்கலாமா?

காபன் வரவு (ஒரு தொன் காபனீரொட்சைட்டை எடுத்ததற்கு அல்லது தவிர்த்ததற்குத் தரப்படும், விற்கக்கூடிய சான்று) என்று ஒன்று இருக்கிறது. ஆனால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் காசு இல்லாவிட்டாலும் அந்த மரம் அங்கே நின்றிருக்கும்தானே என்பது. உங்கள் பாட்டனார் நட்ட பலா விடயத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

புதிதாக நட்டாலும், 20 பேர்ச் காணி ஓர் ஆண்டில் சேர்ப்பது மிகச் சிறிய அளவு. அதை அளந்து சான்று பெறும் செலவு வரும் காசை விழுங்கிவிடும். பல நூறு வீடுகள் ஒன்றுசேர்ந்தால்தான் பேச்சுக்கே இடம்.

யாராவது படிவத்தோடு வந்தால் அவசரப்பட்டுக் கையொப்பம் வைக்காதீர்கள். எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்படுகிறேன்? இடையில் மரத்தை வெட்டலாமா? காணியை விற்றால் என்ன ஆகும்? புயலில் மரம் விழுந்தால் நட்டம் யாருக்கு? பதிலைத் தமிழில் எழுத்தில் கேளுங்கள். சுற்றாடல் அமைச்சின் கீழ் இயங்கும் இலங்கை காலநிலை நிதியத்தில் விசாரியுங்கள்.

தோட்டத்திலிருந்து உறுதியாக வரும் காசு மிளகிலும் கராம்பிலும் சாதிக்காயிலும்தான். பேராதனையில் தலைமையகம் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இவற்றின் கன்றுகளுக்கு உதவி தருகிறது. உங்கள் பகுதி விரிவாக்க உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள்.

இலங்கை வெளிவிடுவதே கொஞ்சம். நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

உண்மைதான். இலங்கையில் ஒருவரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டு. உலகச் சராசரி அதைவிட நான்கு மடங்குக்கு மேல். அதிகம் எரித்த நாடுகளே அதிகம் செய்ய வேண்டும், அதை நாம் உரத்துக் கேட்கவும் வேண்டும். அதேசமயம் 2050க்குள் காபன் சமநிலையை (வெளிவிடும் அளவும் எடுக்கும் அளவும் ஒன்றாவதை) எட்டுவதாகவும், 2030க்குள் காட்டுப் பரப்பை நாட்டின் நிலப்பரப்பில் 32 சதவீதமாக உயர்த்துவதாகவும் இலங்கையும் சொல்லியிருக்கிறது.

இதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. உலகத்துக்காகக் காபனைச் சேர்க்கும் அதே மரம் உங்கள் கிணற்றில் நீரைத் தங்கவைக்கிறது, ஓட்டு வீட்டின் சூட்டைக் குறைக்கிறது, விலைவாசி ஏறிய மாதத்தில் பலாக்காயும் ஈரப்பலாவும் தருகிறது. 2022இன் நெருக்கடியில் எத்தனை வீடுகளில் பலா சோறாக நின்றது என்பதைக் கண்டியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

முதலில், நிற்கும் பெரிய மரங்களைக் காப்பாற்றுங்கள். புதுக்கன்று நூறு நடுவதைவிட இதன் பலன் உடனடியானது.

இரண்டாவது, மழை தொடங்கும்போது காலியான அடுக்குகளை நிரப்புங்கள். நட்ட முதல் இரண்டு வறட்சியில் கன்றுக்கு நிழலும் மூடாக்கும் கொடுங்கள். நடுகை விழாக்களில் நட்ட கன்றுகள் சாவது பெரும்பாலும் இந்தக் கவனிப்பு இல்லாமல்தான்.

மூன்றாவது, குப்பையை எரிக்காதீர்கள். இலை, குச்சி, சமையலறைக் கழிவு எல்லாம் மண்ணுக்குப் போகட்டும்.

நான்காவது, எரிபொருளைக் குறைக்க முடிந்த இடத்தில் குறையுங்கள். பக்கத்துக் கடைக்கு வண்டியை எடுக்காததால் மிஞ்சும் ஒவ்வொரு லீற்றரும், தோட்டம் எடுத்தாக வேண்டிய 2.3 கிலோவை அதன் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது.

ஐந்தாவது, காணியைப் பங்கு பிரிக்கும்போது மரத்தையும் பேசிக்கொள்ளுங்கள். கண்டித் தோட்டங்கள் இன்று மெலிந்துவருவதற்குப் பெரிய காரணம் இதுதான். 40 பேர்ச் நாலு பிள்ளைகளுக்குப் பத்துப் பத்தாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு வீடும் வாகனம் நிறுத்த ஓர் இடமும் வருகிறது, மரங்கள் போய்விடுகின்றன. நில அளவையாளர் கயிறு பிடிக்கும் முன்பு எந்த மரம் நிற்க வேண்டும் என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒன்றாக இருந்து முடிவெடுங்கள். வீடுகளை ஒரு பக்கமாக நெருக்கி, மரமுள்ள பகுதியைப் பொதுவில் விட உடன்பட முடிந்தால் உடன்படுங்கள், எல்லைக்கோட்டில் நிற்கும் பலாவை இரு வீட்டுக்கும் பொது என்று எழுதிக்கொள்ளுங்கள். செலவில்லாத அந்த ஒரு மணிநேரப் பேச்சு, பல தொன் காபனைக் காற்றுக்குத் திரும்பவிடாமல் காக்கும்.